புதுப்பிப்பு: கர்ப்பகாலச் சர்க்கரை, காலை அளவு எப்படி இறங்கியது

28ஆம் வாரத்தில் மனைவிக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை என்று தெரிந்ததையும், இட்லியைக் குறைத்தும் அளவு இறங்காததையும் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் நன்றி.

பலன் தந்தது, சாப்பிட்டதும் 15 நிமிடம் நடக்கச் சொன்ன யோசனைதான். பாளையங்கோட்டை வெயிலில் தெருவில் இறங்க முடியாத வேளைகளில் வீட்டுத் தார்சாவிலேயே (தாழ்வாரத்தில்) இருவரும் நடந்தோம். நான்கு இட்லி இரண்டானது, கூடவே ஓர் அவித்த முட்டை. சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 168 காட்டிய சர்க்கரை மீட்டர் 130க்கு வந்தது. 140க்குள் இருக்க வேண்டும்.

இடையில் கெடுத்தது கருப்பட்டிக் காப்பி. "கருப்பட்டி ஒன்றும் செய்யாது" என்று அத்தை தினமும் ஒரு டம்ளர் கொடுத்துவந்தார். அதுவும் சர்க்கரைதான் என்பதை மீட்டரைக் காட்டித்தான் நம்பவைத்தேன்.

எதிர்பாராதது, காலை வெறும் வயிற்று அளவு. 95க்குக் கீழே வர மறுத்தது. 102, 104 என்றே நின்றது. இரவுச் சாப்பாட்டை இன்னும் குறைத்தது எங்கள் தவறு. பசியில் அவள் தூக்கம் போனதுதான் மிச்சம். மருத்துவர் இரவில் இன்சுலின் சேர்த்த பிறகே இறங்கியது. ஊசிக்கு அவளைவிட நான்தான் பயந்தேன்.

38ஆம் வாரத்தில் பெண் குழந்தை, 2.9 கிலோ. குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள், சரியாக இருந்தது. பிரசவத்தோடு இன்சுலின் நின்றுவிட்டது. 6 வாரம் கழித்து 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனை மட்டும் பாக்கி.