பட்டாளத்து அப்பாவின் கூட்டாளி இறந்தால்: போனில் என்ன கேட்பது, ஊரில் என்ன செய்வது

அப்பாவை ஊரில் விட்டுவிட்டு வெளிநாட்டில் இருக்கும் சங்கத்துச் சொந்தங்களுக்கு வணக்கம்.

ஒரே யூனிட்டில் இருபது வருஷம் கிடந்தவர் இறந்தால், ஊர் வழக்கில் அந்தத் துக்கத்துக்கு இடமில்லை. பங்காளிக்குத் தீட்டு உண்டு, கூட்டாளிக்கு இல்லை. அப்பா மாலை போட்டுவிட்டு பஸ் ஏறி வந்துவிடுவார். சண்டையில் விழுந்தவனுக்கு நட்ட கல்லை வேடியப்பன் என்று கும்பிடுகிற மண்தான் இது. பக்கத்தில் நின்று உயிரோடு திரும்பியவனுக்கு மட்டும் ஒரு சடங்கும் வைக்கவில்லை.

போனில் "சாப்பிட்டீங்களாப்பா?" என்றால் "ஆச்சு" என்பார். அத்தோடு முடிந்தது. "ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வந்தது?" என்று கேளுங்கள். இறந்தவரின் பேரைச் சொல்லி, "ரெண்டு பேரும் எந்த போஸ்ட்ல சேர்ந்து இருந்தீங்க?" என்று கேளுங்கள். பேச ஆரம்பித்ததும் "மனசைத் தேத்திக்கோங்க" என்று குறுக்கே போடாதீர்கள், வாயை மூடிவிடுவார். இருவரும் தினம் பேசிக்கொண்ட நேரம் எதுவோ, அந்த நேரத்துக்கே கூப்பிடுங்கள்.

மிலிட்டரி கேன்டீனில் வாங்கும் சரக்கு இரண்டாவது விஷயம். தூக்கத்துக்கென்று குடித்தால் பாதி ராத்திரியில் முழிப்பு வரும். அதன்மேல் தூக்க மாத்திரையும் போட்டால் மூச்சு அடங்கிப்போகலாம். சுகர், பிரஷர் மாத்திரை அட்டையைத் திருப்பிக் காட்டச் சொன்னால் எத்தனை நாள் விட்டிருக்கிறார் என்று வீடியோ காலிலேயே தெரியும்.

செக்யூரிட்டி வேலைக்காக லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தால், கொஞ்ச நாளைக்கு போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லுங்கள். "நானும் போயிருக்கலாம்" என்று சொன்னால், சாகும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போக ஆள் பிடியுங்கள்.

கைக்கு வேலை வேண்டும். இறந்தவர் வீட்டுக் குடும்ப பென்ஷன் காகிதத்தை இவரிடமே விடலாம், இவரைவிடத் தெரிந்தவர் அங்கே இருக்கமாட்டார். இறப்புச் சான்றிதழ், பிபிஓ (பென்ஷன் உத்தரவு), டிஸ்சார்ஜ் புக் (பட்டாளத்திலிருந்து விடுவித்தபோது கொடுத்த புத்தகம்), மனைவியின் ஆதார், பான், பேங்க் பாஸ்புக் வேண்டும். சிக்குவது பெரும்பாலும் பேரில்தான். டிஸ்சார்ஜ் புக்கில் ஒரு எழுத்து, ஆதாரில் வேறு எழுத்து, பிறந்த தேதியும் ஒட்டாது. விண்ணப்பிக்கும் முன்பே ஒத்துப் பாருங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள். இறந்த பிறகு கணக்கில் ஏறிய பென்ஷனை ஏடிஎம்மில் எடுக்கக் கூடாது, பின்னால் பிடித்தம் வரும்.

முதல் வருஷத் திதி, ஜூலை 26 கார்கில் வெற்றி நாள், டிசம்பர் 7 கொடிநாள், இந்த நாட்களில் துக்கம் மறுபடி கிளம்பும். அழுகை வருவது நோயல்ல. ஆறு மாதம் தாண்டியும் வெளியே போகாமல், ஆள் நினைப்பிலேயே கிடந்தால் மனநல டாக்டரைப் பார்க்கவேண்டும். ஈசிஎச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) கார்டு உள்ளவர் அதன் பாலிகிளினிக்கில் ரெஃபரல் வாங்கலாம். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். உள்நாட்டு எண் என்பதால் ஊரில் இருப்பவர்தான் அடிக்கவேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கீழே போய்விடும், காலண்டர் அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதி வைக்கச் சொல்லுங்கள்.