உள்ளிருந்து போர்ட் 23க்குப் போகும் இணைப்புகள்: ரவுட்டர் எச்சரிக்கிறது, உதவி தேவை

கேள்வி: வணக்கம். கொஞ்ச நாளாக ரவுட்டர் ஆப்பில் "சந்தேகத்துக்குரிய இணைப்பு தடுக்கப்பட்டது" என்று வரிசையாக அறிவிப்பு வருகிறது. லாக்கில் பார்த்தால் எல்லாமே 192.168.1.14 என்ற வீட்டு முகவரியிலிருந்து, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வெளி ஐபிகளின் போர்ட் 23க்குப் போகின்றன. நடுநடுவே 2323. வீட்டில் போன்கள், லேப்டாப், ஸ்மார்ட் டிவி, சிசிடிவி டிவிஆர் (கேமரா பதிவுப் பெட்டி) இருக்கின்றன. லேப்டாப்பில் ஆன்டிவைரஸ் ஓட்டினேன், எதுவும் சிக்கவில்லை. ரவுட்டரை ரீசெட் செய்தால் போதுமா?

பதில் 1: ரீசெட் இப்போது வேண்டாம், கையிலிருக்கும் லாக்கும் போய்விடும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

வெளியிலிருந்து யாரோ உங்கள் ஐபியைத் தட்டிப் பார்ப்பது இணையத்தில் ஓயாமல் நடப்பது. ரவுட்டர் தடுத்துவிட்டால் கவலையில்லை. உங்களுக்கு நடப்பது அதுவல்ல. வீட்டுக்குள் இருக்கும் ஒரு பொருள் வெளியே போய்த் தட்டுகிறது. போர்ட் என்பது ஒரு கருவியின் எண்ணிட்ட இணைப்பு வாசல். 23 டெல்நெட்டுக்கானது, அதாவது தூரத்திலிருந்து ஒரு கருவிக்குள் நுழைந்து கட்டளையிடும் பழைய முறைக்கு. முன்பின் தெரியாத ஐபிகளுக்கு டெல்நெட் போட ஒரு டிவிக்கோ போனுக்கோ வேலையே இல்லை.

2016இல் பரவிய மிராய் என்ற தீம்பொருள் புதிய கருவிகளை இப்படித்தான் தேடியது: பெரும்பாலும் 23, சுமார் பத்துக்கு ஒரு முறை 2323. மாற்றப்படாத பாஸ்வேர்டுகளோடு இருந்த கேமராக்களிலும் டிவிஆர்களிலும் புகுந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று இணையதளப் பெயர்களை ஐபிகளாக மாற்றித் தரும் டைன் நிறுவனத்தைத் தாக்கி ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாவற்றையும் தடுமாற வைத்தது. அதன் மூல நிரல் வெளியானதால் வாரிசுகள் இன்றும் உலவுகின்றன.

ரவுட்டரின் டிஎச்சிபி பட்டியலில் (எந்தக் கருவிக்கு எந்த ஐபி என்று காட்டுவது) .14க்கு நேரே உள்ள மேக் முகவரியை (கருவியின் வன்பொருள் அடையாள எண்) டிவிஆரின் நெட்வொர்க் மெனுவில் தெரிவதோடு ஒப்பிடுங்கள். என் சந்தேகம் அதன் மேல்தான்.

கேள்வி கேட்டவர்: டிவிஆரேதான் சார். கேபிளைக் கழற்றியதும் லாக் அமைதியாகிவிட்டது. ஆனால் ஆஃப் செய்து ஆன் செய்தால் சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறது. அப்பா ஊரிலிருந்து போனில் கேமரா பார்ப்பார், ஒரேயடியாக நிறுத்தவும் முடியாது.

பதில் 2: மிராய் வகை நிரல் நினைவகத்தில் மட்டும் தங்கும், மின்சாரம் போனால் அழியும். வழி திறந்தே இருப்பதால் திரும்ப வந்துவிடுகிறது. அதனால் வரிசை முக்கியம். கேபிள் கழற்றியபடியே இருக்கட்டும். ரவுட்டரில் டிவிஆருக்கான போர்ட் ஃபார்வர்டிங்கை (வெளியிலிருந்து வருவதை டிவிஆருக்கு அனுப்பும் அமைப்பு) நீக்குங்கள், யூபிஎன்பியை (கருவிகள் தாமாகவே ரவுட்டரில் போர்ட் திறக்க விடும் வசதி) நிறுத்துங்கள். பல டிவிஆர்கள் நம்மைக் கேட்காமலேயே அதன் வழியாகப் போர்ட் திறந்துகொள்ளும். அப்புறம் டிவிஆரை அணைத்துப் போட்டு, மானிட்டர் வழியாகப் பாஸ்வேர்டை மாற்றி, புதிய ஃபர்ம்வேர் (டிவிஆரின் உள் மென்பொருள்) இருந்தால் பென்டிரைவில் ஏற்றுங்கள். கேபிள் கடைசியில்.

பாஸ்வேர்டை மட்டும் நம்ப வேண்டாம். சில மாடல்களில் டெல்நெட் பாஸ்வேர்ட் ஃபர்ம்வேரிலேயே பதிந்திருக்கும். மெனுவில் மாற்றினாலும் அது மாறாது. அப்பாவுக்கு, ரவுட்டரில் வயர்கார்ட் விபிஎன் (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்கில் பாதுகாப்பாக இணையும் வழி) வசதி இருந்தால் அதைப் போட்டுக் கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்: யூபிஎன்பி பட்டியலில் டிவிஆர் பெயரில் 23, 80 இரண்டும் திறந்திருந்தன. நிறுத்திவிட்டேன். ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை. அப்பா போனில் வயர்கார்ட் போட்டாயிற்று, படம் வருகிறது. நேற்றிலிருந்து .14 பெயரில் ஓர் அறிவிப்பும் இல்லை.

பதில் 1: நல்லது. ஃபர்ம்வேர் இல்லாத டிவிஆர் என்பதால், அது தானாக வெளியே போவதையும் ரவுட்டரில் தடுத்துவிடுங்கள். வீட்டுக்குள் பார்க்கவும் விபிஎன் வழியாகப் பார்க்கவும் அது தேவையில்லை.