70 கி.மீ. வேகத்தில் உதறல்: டார்க் கன்வெர்ட்டர் லாக்கப் கோளாறா, வேறு காரணமா?

திருமங்கலம் வாசி:
வணக்கம். என்னிடம் இருப்பது, என்ஜின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக் பெட்ரோல் கார்; சாதாரண கியர்பாக்ஸையே தானியங்கியாக இயக்கும் ஏஎம்டி அன்று. திருமங்கலத்திலிருந்து விருதுநகர் நோக்கி நான்கு வழிச் சாலையில் 70 கி.மீ. வேகத்தில் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்துச் சீராகச் செல்லும்போது, அடுத்தடுத்துப் போட்ட வேகத்தடைக் கோடுகளின் மேல் ஏறியதுபோல வண்டி சில நொடிகள் உதறுகிறது. வண்டியை எடுத்ததும் இது வருவதில்லை. சூடேறிய பிறகே வருகிறது. என்ஜின் விளக்கு எரியவில்லை. மதுரையில் ஓர் ஒர்க்‌ஷாப்பில், ஓட்டிக்கூடப் பார்க்காமல் கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார்கள். அதற்கு முன் எவற்றைச் சோதிக்கலாம்?

வைகைக்கரை:
சூடேறிய பிறகு வருகிறது என்பது நல்ல தடயம். கியர்பாக்ஸ் ஆயில் போதிய சூட்டை அடையும் வரை பெரும்பாலான வண்டிகளில் கணினி, கன்வெர்ட்டருக்குள் என்ஜினையும் கியர்பாக்ஸையும் நேரடியாக இணைக்கும் லாக்கப் கிளட்சைப் பிடிக்க விடாது. பின்னால் வண்டி வராத இடமாகப் பார்த்து, உதறும்போது ஆக்சிலேட்டரை மாற்றாமல், பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் இடது காலால் பிரேக்கைத் தொடுங்கள். லாக்கப் விடுபட்டு என்ஜின் ஆர்பிஎம் (நிமிடத்துக்கான சுழற்சி) சற்று உயரும். அதோடு உதறலும் நின்றால் கோளாறு லாக்கப் கிளட்சில்தான்.

நாகமலை மெக்கானிக்:
சோதனை சரி, முடிவுதான் அவசரம். லாக்கப் பிடித்திருக்கும்போது என்ஜினும் கியர்பாக்ஸும் நேரடியாக இணைந்திருப்பதால், தேய்ந்த ஸ்பார்க் பிளக்கோ அதற்கு மின்சாரம் தரும் பலவீனமான காயிலோ உண்டாக்கும் சிறிய மிஸ்ஃபயர்கூட (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) வண்டி முழுவதும் தெரியும். லாக்கப் விடுபட்டு ஆயில் வழியாக விசை போகத் தொடங்கியதும் அதுவும் மறைந்துவிடும். ஆகவே பிரேக்கைத் தொட்டதும் நின்றது என்பதை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.

வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி, என்ஜின் ஆர்பிஎம்முக்கும், கன்வெர்ட்டரில் கியர்பாக்ஸ் பக்கம் சுழலும் டர்பைனின் ஆர்பிஎம்முக்கும் உள்ள வித்தியாசத்தை ஓட்டத்திலேயே பாருங்கள். லாக்கப் முழுதாகப் பிடித்த நிலையில் அது பூஜ்யத்தை ஒட்டியிருக்கும். உதறும்போதும் அப்படியே நின்றால் கிளட்ச் வழுக்கவில்லை, பிளக் பக்கம் போங்கள். ஏறி இறங்கினால் கிளட்ச்தான். சில கியர்பாக்ஸ்களில் கணினியே வேண்டுமென்று சிறிது வழுக்க விடும் என்பதால், அது கேட்கும் அளவோடு ஒப்பிட வேண்டும். விளக்கு எரியாவிட்டாலும் கணினியில் நிலுவையில் உள்ள கோளாறுக் குறியீடுகளை (கோடு) படியுங்கள்: பி0741 வழுக்கலைக் காட்டலாம், பி0740 வந்தால் முதலில் வயரிங்கையும், லாக்கப்பை இயக்கும் மின் வால்வான சாலினாய்டையும் பார்க்க வேண்டும்.

திருமங்கலம் வாசி:
ஸ்கேனரோடு உறவினரை அருகில் அமர்த்தி, கப்பலூரைத் தாண்டி ஓட்டிப் பார்த்தேன் ஐயா. உதறும்போது வித்தியாசம் 20க்கும் 130க்கும் இடையே துள்ளுகிறது. கணினி கேட்பது பூஜ்யம். மிஸ்ஃபயர் பதிவாகவில்லை. கோடும் இல்லை. ஆயிலை இதுவரை மாற்றியதில்லை. ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று வாங்கும்போது சொன்னார்கள்.

நாகமலை மெக்கானிக்:
யாருடைய ஆயுளுக்கு என்று கேட்டிருக்கலாம். ஆயிலில் உள்ள உராய்வைச் சீராக்கும் சேர்மானம் தீர்ந்துபோனாலே இப்படி உதறும். எனவே முதலில் ஆயிலை மாற்றுங்கள். கையேட்டில் குறிப்பிட்ட அதே தர ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) வேண்டும். எல்லா வண்டிக்கும் ஆகும் என்று கடையில் நீட்டுவதை வாங்காதீர்கள். ஒரு முறை வடித்தால் எல்லாம் வெளியே வராது, கணிசமான பகுதி கன்வெர்ட்டருக்குள்ளேயே தங்கும். சிறிது தூரம் ஓட்டிவிட்டு மீண்டும் வடித்து ஊற்ற வேண்டும். மட்டத்தைக் கையேடு சொல்லும் ஆயில் சூட்டில்தான் பார்க்க வேண்டும்.

வடிதட்டின் காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை படிந்திருப்பது இயல்பு. சீவல் சீவலாக உலோகம் இருந்தாலோ, புது ஆயிலுக்குப் பிறகும் வித்தியாசம் துள்ளினாலோ கன்வெர்ட்டரை மாற்ற வேண்டியிருக்கும். அதற்குக் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். அதுவரை இந்தப் பழைய ஆயிலோடு கொடைக்கானல் மலைப்பாதையில் ஏற்றாதீர்கள், சூடு இன்னும் கூடும்.