ஒட்டகம் ஓட்டப் போறதுக்கு பொண்டாட்டி பர்மிஷனா? யூத ரபிகள் பத்தி ஒரு டவுட்டு

பாலக்கோடு பையன்:
புருஷன் பொண்டாட்டி எத்தன நாளைக்கு ஒருக்கா சேரணும்னு அந்தக்கால யூத ரபிகள், அதான் அவங்க மத குருமாருங்க, தொழில் வாரியா கணக்கு போட்டு வச்சிருந்தாங்களாமே, நெசமா இல்ல அடிச்சு விடுறாங்களா? நான் ஓசூர்ல கம்பெனி வேன் ஓட்டுறேன், இப்ப டெல்லி லைன் லாரிக்கு கூப்பிடுறாங்க, அதான் கேட்டதும் சுருக்குனு ஆச்சு. சாமி விஷயம் பேசறவங்க இதெல்லாமா பேசுவாங்க?

கிருஷ்ணகிரி வாத்தியார்:
நெசந்தான் தம்பி. கி.பி. 200 வாக்குல தொகுத்த மிஷ்னாங்கற யூத சட்டத் தொகுப்புல இருக்கு, ரபி எலியேசர் சொன்னதா. வேலவெட்டி இல்லாம வசதியா இருக்கறவன் தினமும், கூலிக்காரன் வாரத்துக்கு 2 தடவ, கழுதை ஓட்டுறவன் 1, ஒட்டகம் ஓட்டுறவன் 30 நாளைக்கு ஒருக்கா, கப்பல்காரன் 6 மாசத்துக்கு ஒருக்கா. இது ஆம்பளையோட உரிமை இல்ல, அவன் பொண்டாட்டிக்கு செய்ய வேண்டிய கடமை, பாத்துக்க. கட்டாயப்படுத்தவும் கூடாதுன்னு, மிஷ்னாவுக்கு பின்னாடி வந்த விளக்க நூல் தல்மூத்ல தனியா இருக்கு. கழுதை ஓட்டுறவன் ஒட்டகத்துக்கு மாறணும்னா அவ சம்மதம் வேணும், ஏன்னா பத்து படி சம்பாதிச்சு தள்ளி இருக்கறவன விட ஒரு படியோட பக்கத்துல இருக்கறவனத்தான் பொம்பள விரும்புவாளாம். இதெல்லாமா பேசுவாங்கன்னு கேட்டியே, கஹானான்னு ஒரு சிஷ்யன் ராவ்ங்கற தன் குருவோட கட்டிலுக்கு அடியிலயே போய் படுத்துக்கிட்டான், குருவும் பொண்டாட்டியும் சிரிச்சு பேசறத கேட்டு கமெண்ட் வேற அடிச்சான், வெளிய போடான்னதுக்கு "இதுவும் தோரா தான், நான் கத்துக்கணும்"னானாம், தோரான்னா அவங்க வேதம் 😂

ஊத்தங்கரை:
சார் ஓவரா தூக்காதீங்க. பொண்டாட்டி மாட்டேன்னு நின்னா வாரத்துக்கு 7 தினார் அவளோட கெதுபா பணத்துல கழிப்பாங்க, அதான் கல்யாணத்துல எழுதிக் குடுக்கற தொகை, புருஷன் மாட்டேன்னா 3 தினார் தான் கூடும். மாதவிலக்கு நாள்ல தொடவே கூடாது, நம்மூர் தீட்டு மாதிரியே. எழுதினதெல்லாம் ஆம்பளைங்க தானே.

ராயக்கோட்டை அக்கா:
எங்க வீட்டுக்காரரும் லாரிதான் தம்பி, தக்காளி லோடு. "தொப்பூர் தாண்டிட்டேன்"னு போன் வந்தா தான் உலை வைப்பேன், சில நாள் அதுக்கப்புறமும் சோறு ஆறிப் போய் தண்ணி ஊத்தி வச்சிருக்கேன். அதே தல்மூத்ல ரெஹூமின்னு ஒரு ரபி கதை இருக்கு, வெளியூர்ல படிச்சிக்கிட்டு வருஷத்துக்கு ஒருக்கா யோம் கிப்பூர்ங்கற நோன்பு நாளுக்கு முந்தின நாள் மட்டும் வீட்டுக்கு வருவாரு. ஒரு வருஷம் படிப்புல மறந்துட்டாரு. இதோ வந்துருவாரு இதோ வந்துருவாருன்னு பாத்தவ கண்ணுல ஒரு சொட்டு தண்ணி விழுந்துச்சு, அங்க அவர் உக்காந்திருந்த கூரை இடிஞ்சு செத்தே போனாரு. வீட்ல கேட்டுட்டு முடிவு பண்ணு.

பாலக்கோடு பையன்:
கேட்டேன்க்கா. ஒரு படியா பத்து படியான்னேன், பத்து படி கொண்டா, ராத்திரிக்கு வந்துருங்குது.