கொரியாவில் கை எங்கே இருக்க வேண்டும்? சென்று வந்தவர்களின் அனுபவங்கள்

வழிப்போக்கன்:

பணி நிமித்தம் எட்டு மாதங்கள் சுவோன் நகரில் தங்கியிருந்தேன். சியோலுக்குத் தெற்கே, மன்னர் ஜொங்ஜோ 1794 முதல் 1796 வரை எழுப்பிய ஹ்வாசொங் கோட்டை மதில் இன்றும் ஊர் நடுவே ஓடும் நகரம் அது. சென்ற முதல் வாரத்திலேயே உடன் பணிபுரிந்த கொரிய நண்பர் தம் பெற்றோர் வீட்டுக்கு உணவருந்த அழைத்துச் சென்றார். வாசலில் காலணியைக் கழற்றுவது நமக்குப் புதிதன்று. ஆனால் உள்ளே கால் வைத்தவுடன் தரை வெதுவெதுப்பாக இருந்தது புதிது. ஒண்டோல் என்னும் இந்த ஏற்பாட்டில், அக்காலத்தில் அடுப்பின் சூடும் புகையும் தரைக்கடியில் சென்றனவாம். இப்போது வெந்நீர்க் குழாய்கள் ஓடுகின்றன.

நண்பரின் தந்தை சோஜு என்னும் கொரிய மதுவை ஊற்ற முன்வந்தபோது, இடக்கை படாமல் வலக்கையால் வாங்குவதே மரியாதை என்று வளர்ந்த நான், வலக்கையை மட்டும் நீட்டினேன். மேசைக்கடியில் நண்பர் என் காலை மெல்லத் தட்டினார். அங்கே பெரியவர்களிடம் எதை வாங்கினாலும் கொடுத்தாலும் இரு கைகளும் வேண்டும். வலக்கையை நீட்டினால் இடக்கை அதன் மணிக்கட்டையோ முழங்கைப் பக்கத்தையோ தாங்கியிருக்க வேண்டும். அவசரமாக இடக்கையையும் கொண்டுவந்தேன், பெரியவர் சிரித்துவிட்டார். குடிக்கும்போது அவருக்கு நேராகக் குடிக்காமல் முகத்தை ஒருபுறம் திருப்பிக்கொள்வதை நண்பரைப் பார்த்துக் கற்றேன். தனக்குத் தானே ஊற்றிக்கொள்வதும் அங்கே வழக்கமில்லை, பக்கத்திலிருப்பவர்தான் ஊற்றுவார். கிண்ணம் காலியானால்தான் மீண்டும் நிரப்புவார்கள் என்பதால், போதும் என்பவர்கள் கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டால் தப்பிக்கலாம்.

பெரியவர் கரண்டியை எடுக்கும் வரை யாரும் உணவைத் தொடவில்லை. சோற்றைக் கரண்டியால்தான் உண்கிறார்கள். கிண்ணத்தைக் கையில் தூக்குவதில்லை. பேச்சு மும்முரத்தில் நான் கரண்டியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்திவைத்தபோதுதான் நண்பரின் தாயார் முகம் மாறியது. இறந்தோருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படிக் குத்திவைப்பார்களாம். பிண்டம் வைக்கும் வீட்டில் பிறந்தவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

கீரைக்கட்டு:

மேலே எழுதியவருக்குக் கவலை கையைப் பற்றியது. சைவ உணவு மட்டும் உண்ணும் எனக்குக் கவலை வாயைப் பற்றியது. ஜொன்ஜு நகரச் சந்தையில் ஒரு பாட்டியிடம் “கோகி (இறைச்சி) இல்லைதானே?” என்று மனப்பாடம் செய்து வைத்திருந்த கொரிய மொழியில் கேட்டேன். இல்லவே இல்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை; பேச்சு வழக்கில் கோகி என்றால் மாடு, பன்றி, கோழிதான். அவர் தந்த கிம்ச்சியிலோ, அதாவது காரம் சேர்த்துப் புளிக்கவைத்த காய்கறியிலோ, உப்பிட்ட சிறு இறால் இருந்தது. பெரும்பாலான கிம்ச்சியில் அதுவோ, நெத்திலியைப் புளிக்கவைத்து எடுத்த சாறோ சேர்வதுண்டு. குளிர்காலத்துக்கு முன் குடும்பமும் அக்கம்பக்கமும் கூடி மொத்தமாகக் கிம்ச்சி போடும் கிம்ஜாங் வழக்கத்தை யுனெஸ்கோ 2013-இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பெருமையை மூக்கால் மட்டும் அனுபவித்துத் திரும்பினேன்.

எனக்குக் கைகொடுத்தது பௌத்தக் கோயில் உணவு. அதில் இறைச்சி, மீனோடு பூண்டு, வெங்காய வகைகளும் விலக்கு. விலக்கிய ஐந்து காரப் பொருள்களின் பழம்பட்டியலில் பெருங்காயமும் உண்டு என்று அறிந்தபோது சற்று மனம் வருந்தியது. கொரியாவில் விளையாத பொருளை எதற்கு விலக்கினார்கள் என்று தோன்றினாலும், அந்த விதி பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து போனது என்று எண்ணினால் வியப்பில்லை.

நடைமேடை:

பெரியவர்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. சியோல் சுரங்க ரயிலில் பெட்டியின் கடைசியிலுள்ள இருக்கைகள் முதியோருக்கும் இயலாதோருக்கும் உரியவை. கூட்டம் நெரிந்தாலும் இளைஞர்கள் அவற்றைக் காலியாகவே விடுகிறார்கள். தெரியாமல் உட்கார்ந்து பார்வையாலேயே எழுப்பப்பட்டேன். கியொங்போக்குங் அரண்மனைக்கு ஹன்போக் என்னும் கொரிய மரபு உடை அணிந்து சென்றால் நுழைவுக் கட்டணம் இல்லை, செவ்வாய்க்கிழமைகளில் திறப்பதில்லை.

தாமிரபரணி:

வயதைப் பற்றி யாரும் எழுதவில்லையே. என் தாயாரை அழைத்துக்கொண்டு சென்றிருந்தேன். விடுதி நடத்திய அம்மையார் பெயரைக் கேட்டதற்கு அடுத்த கேள்வியாக, எந்த ஆண்டில் பிறந்தீர்கள் என்றார். நான் மொழிபெயர்த்தேன். “கண்டதும் வயசைக் கேக்குறாளே!” என்று தாயார் என் காதில் முணுமுணுத்தார்.

நமக்கு நீ, நீங்கள் என்று இருப்பதைப்போல் அவர்களுக்கு வினைமுற்றுகளிலேயே பல மரியாதை அடுக்குகள் உண்டு. எதிரிலிருப்பவர் மூத்தவரா இளையவரா என்று தெரியாமல் ஒரு வாக்கியத்தைக்கூட இயல்பாக முடிக்க முடியாது. பிறந்தவுடன் ஒரு வயது என்றும், புத்தாண்டு தோறும் ஒன்று கூடும் என்றும் கணக்கிட்டுவந்த பழைய முறையை விட்டு, உலக வழக்கப்படியே எண்ணும் சட்டம் 2023 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் உணவு மேசையில் இன்னும் பிறந்த ஆண்டைத்தான் கேட்கிறார்கள்.

தாயார் மூன்றாண்டு மூத்தவர் என்று தெரிந்ததும் அந்த அம்மையார் அவரை “ஒன்னி” என்று அழைக்கத் தொடங்கினார். ஒரு பெண் தன் அக்காவை அழைக்கும் சொல் அது. புறப்படும் நாளில் மூன்று மாடிப் படிகளிலும் பெட்டியைத் தாயாரைத் தொடவிடாமல் அவரே சுமந்து இறக்கினார். அவருக்கு வயது 64.