ஏற்காடு ஏறி நிறுத்தினால் ஆர்எக்ஸ்-8 திரும்ப ஸ்டார்ட் ஆகவில்லை. இன்ஜினை இறக்கணுமா?

கோரிமேடு_05
வணக்கம். 2005 மாடல் மஸ்தா ஆர்எக்ஸ்-8, ஜப்பான் இறக்குமதி, 6 கியர் மேனுவல், 71,000 கி.மீ. ஓடியது. காலையில் ஒரே செல்ஃபில் எடுக்கிறது. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏரிக்கரையில் 10 நிமிஷம் நிறுத்தினால் போச்சு. செல்ஃப் சுற்றுகிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது. முக்கால் மணி நேரம் ஆறினால் எடுத்துவிடும். கடைசி ஆறேழு வளைவில் இழுவையும் கம்மி. வெப்ப முள் நடுவிலேயே நிற்கிறது. பேட்டரி புதுசு. ஆயில் 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் குறைகிறது. பட்டறையில் சாதாரண கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தார்கள், 105 பிஎஸ்ஐ. "ரிங் போயிடுச்சு, இறக்கணும்" என்கிறார்கள். இறக்கலாமா?

குரங்குச்சாவடி_13பி
இறக்காதீங்க. இது ரோட்டரி இன்ஜின். பிஸ்டனே கிடையாது, முக்கோண ரோட்டர்தான் சுற்றும். ரிங் எங்கிருந்து போகும்? ஆயில் குறைவதும் நோய் இல்லை. ரோட்டர் ஓரத்தில் காற்று கசியாமல் அடைக்கும் சீல்கள் தேயாமல் இருக்க மீட்டரிங் பம்ப் ஆயிலை உள்ளே பீய்ச்சிக்கொண்டே இருக்கும், அது எரிந்துபோகும். அரை லிட்டர் சகஜம். குறையவே இல்லை என்றால்தான் கவலைப்படணும்.

105 என்ற அளவை நம்ப வேண்டாம். ஒரு ரோட்டருக்கு 3 முகம், 3 தனித்தனி அறை. சாதாரண கேஜில் உள்ள வால்வு காற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதால், மூன்றில் எது நல்லதோ அதை மட்டும் காட்டும். மற்ற இரண்டும் செத்துக் கிடந்தாலும் 105தான்.

மேலே போனால் மட்டும் தகராறு ஏன் என்றால், மூன்று விஷயம் ஒன்று சேர்கிறது. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், காற்றழுத்தம் சேலத்தைவிட ஏறக்குறைய 14 சதவீதம் குறைவு. உள்ளே போகும் காற்றே குறைவதால் கம்ப்ரஷனும் அதே அளவு குறையும். (இழுவை குறைந்ததில் ஒரு பங்கும் இதுதான், டர்போ இல்லாத எந்த வண்டிக்கும் உண்டு.) இரண்டாவது, சூட்டில் ஆயில் தண்ணீர் மாதிரி ஆகி சீல் இடுக்கை அடைக்காது. மூன்றாவது, சூடேறிய செல்ஃப் மோட்டார் மெதுவாகச் சுற்றும். ரோட்டரி இன்ஜினுக்கு நிமிஷத்துக்கு 250 சுற்றாவது கிடைக்கணும். மெதுவாகச் சுற்றினால் ஒவ்வொரு அறையிலிருந்தும் காற்று கசிய நேரம் கிடைத்துவிடும்.

அதனால் சோதனையைச் சேலத்தில், இன்ஜின் நல்ல சூட்டில் இருக்கும்போது செய்யுங்க. இடது முன்சக்கரத்தைக் கழற்றினால் ப்ளக் தெரியும். கீழே உள்ளது லீடிங் (முதலில் பொறி விடுவது), மேலே உள்ளது ட்ரெய்லிங் (அடுத்து விடுவது). இரண்டும் வேறு வேறு ப்ளக், இடம் மாற்றிப் போடக் கூடாது. ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கி, ப்ளக்குக்கு மின்பொறி தரும் 4 காயிலின் கனெக்டரையும் கழற்றுங்க. ஒவ்வொரு ரோட்டரிலும் ஒரே ஒரு ப்ளக்கை எடுங்க, மற்றது இருக்கட்டும். மரை அலுமினியத்தில் இருக்கிறது, சூட்டில் முரட்டுத்தனமாகத் திருகினால் மரையோடு வந்துவிடும். கேஜின் வால்வைக் கழற்றிவிட்டு மாட்டி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து 5 வினாடி செல்ஃப் அடிங்க. முள் துள்ளுவதை போனில் ஸ்லோமோஷனில் பிடிங்க. ஷாஃப்ட் ஒரு சுற்றுக்கு, ஒரு ரோட்டரில் ஒரு துள்ளல். 5 வினாடியில் 21 துள்ளல் வந்தால் 252 சுற்று. துள்ளல் மூன்றும் ஒரே உயரமா என்று பாருங்க. வால்வு இல்லாததால் எண் குறைவாகத்தான் வரும், எண்ணைப் பார்க்காதீங்க, சமமா என்று மட்டும் பாருங்க.

அஸ்தம்பட்டி_காயில்
காயில் எப்போது மாற்றினீங்க? ஆர்எக்ஸ்-8இன் முதல் சீரீஸ் வண்டியில் 50,000 கி.மீ.க்கு மேல் அதை நம்ப முடியாது. சூட்டிலும் பாரத்திலும்தான் முதலில் தடுமாறும், அதாவது மலை ஏறும்போது. எரியாத பெட்ரோல் சைலன்சரில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் எரியும், உள்ளே இருக்கும் தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும். அப்புறம் புகை வெளியே போக முடியாமல் சூடு திரும்ப இன்ஜினுக்கே வரும். முன்பக்க ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில் அழுத்த கேஜ் மாட்டுங்க. 2,500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐ தாண்டினால் அடைப்பு. காயில், ஒயர், ப்ளக் எல்லாம் ஒரே நாளில் மாற்றுவதுதான் உத்தமம், ஒன்றொன்றாக மாற்றினால் வேலை முடியாது.

ஓமலூர்_ரோடு
வெப்ப முள்ளை நம்பாதீங்க. அது 80 டிகிரியிலும் நடுவில்தான், 105லும் நடுவில்தான். அது நகரும்போது காலம் கடந்திருக்கும். ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கம்ப்யூட்டர் தகவலைப் படிக்கும் சாக்கெட்) புளூடூத் ரீடர் மாட்டிப் போனில் பாருங்க. ஏற்காட்டில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும், கூலன்ட் மூடியின் அழுத்தம்தான் அதைத் தடுக்கிறது. மூடி பழசு என்றால் மாற்றுங்க.

குப்பனூர்_வழி
ஆயில் அதிகம் குடிக்குதுன்னா மீட்டரிங் பம்பையே மூடிவிட்டால் என்ன?

குரங்குச்சாவடி_13பி
மூடினால் சில ஆயிரம் கிலோமீட்டரில் சீல்கள், ரோட்டரைச் சுற்றியுள்ள கூட்டை (ஹவுசிங்) உழுதுவிடும். பம்ப் ஓடட்டும், கூடவே பெட்ரோலில் ஜாசோ எஃப்டி தரத்து 2 ஸ்ட்ரோக் ஆயில் லிட்டருக்கு 4 மி.லி. கலக்கலாம். 40 லிட்டர் நிரப்பினால் 160 மி.லி. ஆயிலை முதலில் ஊற்றி, அதன்மேல் பெட்ரோல் போட்டால் தானாகக் கலந்துவிடும்.

கோரிமேடு_05
எல்லாம் பார்த்தாச்சு. சூட்டில் 5 வினாடியில் 17 துள்ளல்தான். காயில் நான்கும் பழசு, ப்ளக், ஒயரோடு சேர்த்து மாற்றிவிட்டேன். சைலன்சர் அழுத்தம் 2,500ல் ஒன்றரை பிஎஸ்ஐ. 20வது வளைவில் 104 டிகிரி, ஆஃப் செய்த 5 நிமிஷத்தில் 111.

குரங்குச்சாவடி_13பி
17 என்றால் 204 சுற்று. அந்த வேகத்தில் ரோட்டரி சூட்டில் எடுப்பது கஷ்டம். செல்ஃபை மாற்றும் முன் கேபிளைப் பாருங்க. மல்டிமீட்டரின் ஒரு முனை பேட்டரி மைனஸில், இன்னொன்று கியர்பாக்ஸ் உடம்பில். செல்ஃப் அடிக்கும்போது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிள் பழுது. பிளஸ் பக்கமும் அப்படியே, பேட்டரி பிளஸுக்கும் செல்ஃப் போல்ட்டுக்கும் இடையில் அரை வோல்ட் வரை விடலாம்.

111 அதிகம். ஏசி கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் பாருங்க, சருகும் பூச்சியும் மெத்தை மாதிரி இருக்கும். மேலே போய் நின்றதும் உடனே ஆஃப் செய்யாமல் 3 நிமிஷம் ஐடிலில் விடுங்க.

கோரிமேடு_05
எர்த்தில் 0.9 வோல்ட்! கேபிள் முனையில் பச்சைக் களிம்பு. புதுசு போட்டதும் 21 துள்ளல். கோவையிலிருந்து அசல் ரோட்டரி டெஸ்டர் இரவல் வாங்கிச் சூட்டில் எடுத்தது: முன் ரோட்டர் 760, 750, 740 கிலோபாஸ்கல். பின் ரோட்டர் 700, 690, 620. மேலே போய் வந்தேன், 4 வினாடி செல்ஃபில் எடுத்துவிட்டது. ரேடியேட்டர் சுத்தம் செய்த பிறகு 99 டிகிரி.

குரங்குச்சாவடி_13பி
250 சுற்றில் குறைந்தபட்ச அளவு 680. ஒரே ரோட்டரில் அறைக்கு அறை 150க்குள், ரோட்டருக்கு ரோட்டர் 100க்குள் வித்தியாசம் இருக்கலாம். வித்தியாசத்தில் தேறிவிட்டீங்க, 620 மட்டும் ஃபெயில்.

அதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. அபெக்ஸ் சீல் இரண்டு அறைக்கு நடுவில் நிற்கும் சுவர். அது போயிருந்தால் பக்கத்துப் பக்கத்து 2 அறை சேர்ந்து விழும். உங்களுக்கு ஒன்று மட்டும் விழுந்திருக்கு, அப்படி என்றால் ரோட்டரின் பக்கவாட்டில் இருக்கும் சைடு சீல். இந்த மாடலில் புகை போகும் வழி பக்கவாட்டுத் தகட்டில் இருப்பதால், சைடு சீல் கரியில் சிக்குவது வழக்கம். சிக்கியதா, தேய்ந்ததா என்பதுதான் கேள்வி. ஒரு தடவை கரி நீக்கும் திரவம் விட்டு, பிறகு நன்றாகச் சூடேறிய பின் தினமும் ஒரு முறை 8,000 ஆர்பிஎம் வரை தூக்குங்க. 1,500 கி.மீ. கழித்து அதே டெஸ்டர், அதே சூடு, சேலத்திலேயே. 620 ஏறியிருந்தால் விட்டுவிடலாம். இறங்கியிருந்தால் இன்ஜின் பிரிக்கணும்.

அஸ்தம்பட்டி_காயில்
பிரிப்பதாக இருந்தால் கணக்கு: அபெக்ஸ் 6, சைடு சீல் 12, மூலைகளில் இருக்கும் கார்னர் சீல் 12, கூடவே எல்லா ரப்பர் வளையமும். சைடு சீல் முனைக்கும் கார்னர் சீலுக்கும் இடைவெளி 0.05 முதல் 0.15 மி.மீ. ஒவ்வொரு சீலையும் அரம் போட்டு, ஃபீலர் கேஜ் வைத்துக் கையால் பொருத்தணும். "அப்படியே மாட்டிடலாம்" என்று சொல்லும் பட்டறையில் வண்டியை விடாதீங்க.

குப்பனூர்_வழி
மேலே எடுக்காமல் போனால், இறக்கத்தில் தள்ளி கியரில் எடுக்கலாமா?

குரங்குச்சாவடி_13பி
அந்த ரோட்டில் வேண்டாம். இன்ஜின் ஓடாவிட்டால் பிரேக் ரெண்டு மூணு மிதிக்கு மேல் கல்லாகிவிடும், அடுத்த கொண்டை ஊசி அதற்கு முன் வந்துவிடும். பானெட்டைத் திறந்து 20 நிமிஷம் ஆறவிடுங்க. ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்து 10 வினாடி செல்ஃப் அடித்தால் பெட்ரோல் விடாமல் உள்ளே இருப்பதை வெளியேற்றும். காலை எடுத்துவிட்டு மறுபடி அடிங்க.