பாலும் ஹாலும்

அத்தை, காலை 6.40
மைசூரிலிருந்து வந்திருக்கும் சம்பந்தியம்மாள் இன்று என்னோடு வேளச்சேரி பால் பூத்துக்கு வந்தார். இரண்டு விரலைக் காட்டி "எரடு ஹாலு" என்று கேட்டதும், கன்னடமே தெரியாத பூத்துக்காரர் மறுபேச்சில்லாமல் இரண்டு நீல பாக்கெட்டை எடுத்து வைத்துவிட்டார்.

நான், 6.44
பால் பூத்தில் விரலைக் காட்டினால் வேறு என்ன கிடைக்கும், அத்தை?

பெரியப்பா, 6.58
விரல் ஒருபுறம் இருக்கட்டும். ஹாலு என்பது நம்முடைய பால்தான். பழங்கன்னடத்திலும் அது பால் என்றே வழங்கியது. சொல்லின் முதலில் நின்ற பகரம் பிற்காலத்தில் ஹகரமாகிவிட்டது. ஒரு சொல்லில் மட்டும் இது நடந்திருந்தால் தற்செயல் என்று தள்ளிவிடலாம். ஆனால் பல் ஹல்லு என்றும், புலி ஹுலி என்றும், பத்து ஹத்து என்றும், சிற்றூரைக் குறிக்கும் பள்ளி ஹள்ளி என்றும் வரிசையாக மாறியிருக்கின்றன.

நான், 7.02
அப்படியானால் பாம்பு ஹாம்பு ஆகியிருக்க வேண்டுமே, பெரியப்பா?

அண்ணி, 7.03
ஹாவு. பாட்டுக்கு ஹாடு. பணமும் ஹண என்றாகும் என்று அம்மா சொல்கிறார், பெரிய மாமா.

பெரியப்பா, 7.15
பணம் வேண்டாம், அம்மா; அது வடமொழியிலும் இருப்பதால் உறவுக்குச் சாட்சியாக நிற்காது. இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் பிடித்தவர் சென்னையில் ஆட்சியராக இருந்த எல்லிஸ். தென்மொழிகள் வடசொற்களைக் கடன் வாங்கியிருந்தாலும் அவற்றின் வேர்ச்சொற்கள் தனிக்குடும்பத்தைச் சேர்ந்தவை என்று, கேம்பெல்லின் தெலுங்கு இலக்கணத்துக்கு 1816இல் எழுதிய முன்குறிப்பில் தமிழ், தெலுங்கு, கன்னடச் சொற்களை அருகருகே வைத்துக் காட்டினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது அதற்கு 40 ஆண்டுகள் கழித்து, 1856இல். நம் ஊரில் எல்லிஸ் பெயரைச் சொன்னால் சாலையைத்தான் காட்டுகிறார்கள்.

அண்ணி, 7.21
அம்மா இன்னொன்றும் சொல்கிறார். கன்னடத்தில் பாலு என்றும் ஒரு சொல் உண்டு. அதற்குப் பங்கு என்று பொருள். கூட்டாளியைப் பாலுதார என்பார்கள்.

பெரியப்பா, 7.24
அருமை! அறத்துப்பாலில் இருக்கும் பால் அதுவேதான். நமக்கு இரண்டும் ஒரே ஒலியில் நிற்க, அவர்கள் குடிப்பதை ஹாலு என்றும் பகுப்பதைப் பாலு என்றும் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

அத்தை, 7.26
அப்படியென்றால் இன்று வாங்கிய ஹாலில் ஒரு பாக்கெட் சம்பந்தியம்மாளின் பாலு. அவர் காபி குடிக்கும் முன் யாரும் அதைக் காய்ச்சி உறை ஊற்றிவிட வேண்டாம்.